நகத்தை வெட்டலாம், விரலையுமா வெட்டுவது?

அண்மையில் ஒரு ஜனாஸாவுக்காகக் கல்முனைப் பக்கம் போயிருந்தபோது ஓர் இளைஞன் என்னைத் தேடிவந்தான். வயது பத்தொன்பது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருப்பவன். அவனுடைய பெயர் இங்கு வேண்டாம், தெருவும் வேண்டாம், பள்ளிவாசலின் பெயரும் வேண்டாம். "நீங்க பேப்பரில எழுதின ஆள்தானே சேர், இதையும் ஒருக்கா எழுதுங்களேன்" என்றான். எழுதுவதாக வாக்களித்தேன். அந்த வாக்கை இப்போது நிறைவேற்றுகிறேன். இதனால் சிலருக்கு என்மீது கோபம் வரும் என்பதை அறிந்தே எழுதுகிறேன்.

நடந்தது இவ்வளவுதான். பதினான்கு மாதங்களாக அவன் கிற்றார் பழகிவருகிறான். ஆசிரியர் இல்லை. கைத்தொலைபேசியே ஆசிரியர். வாத்தியத்தைக் கொழும்பிலிருந்து இரண்டாங்கையாக வாங்கியிருக்கிறான். ரியூசன் கொடுத்துச் சேர்த்த பணம். வலக்கையின் மூன்று விரல்களில் நகத்தைச் சற்றே வளர்த்திருந்தான். ஒருநாள் வுழூச் செய்யும் இடத்தில் ஒரு பெரியவரின் கண்ணில் அந்த நகம் பட்டது. "ஏன் இந்த நகம்?" என்ற கேள்வியில் தொடங்கிய விசாரணை, "வீட்டில கிற்றார் இருக்காமே" என்பதில் போய் முடிந்தது. அஸர் தொழுகைக்குப் பின் மூன்று பேர் வீடு தேடிவந்து வாப்பாவுக்கு உபதேசம் செய்தார்கள். வாப்பா முரடர் அல்லர். வாத்தியத்தை உடைக்கவில்லை. பழைய சாரம் ஒன்றில் சுற்றி அலுமாரியின்மேல் ஏற்றிவைத்துவிட்டார். அன்றிலிருந்து வாப்பாவும் மகனும் நேருக்கு நேர் பேசுவதில்லை. உம்மாதான் நடுவில் நின்று இருவருக்கும் சோறு போடுகிறார். பெறுபேறு எப்படி வந்தாலும் கட்டாருக்குப் போய்விடப் போவதாக அவன் சொன்னான்.

இது ஒரு செய்தியா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். யுத்தத்தையும் 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலையையும் அறிக்கையிட்ட ஒருவன் ஒரு பையனின் மூன்று நகங்களைப் பற்றி எழுதுவதா? ஆம், எழுதத்தான் வேண்டும். ஒரு வீட்டில் வாப்பாவும் மகனும் பேசாமலிருப்பது சிறிய விடயம் அல்ல. அதற்குக் காரணமாய் அமைந்த நியாயங்களில் ஒன்றுகூட முழுமையாக ஆராயப்படவில்லை என்பது இன்னும் பெரிய விடயம்.

முதலில் அவன் என்ன பழகினான் என்பதைச் சொல்லவேண்டும். வீட்டுக்கு வந்த மூவரும் அதைக் கேட்கவே இல்லையாம். அவன் பழகியது ட்ரெமலோ எனப்படும் விரல் வித்தை. கிற்றாரில் ஒரு நரம்பைத் தட்டினால் ஓசை எழுந்த மறுகணமே தேயத் தொடங்கிவிடும். வயலினைப்போல, நாதஸ்வரத்தைப்போல, ஒரு சுரத்தை நீட்டி நிறுத்த இயலாது. இந்தக் குறையைப் போக்கக் கண்டுபிடிக்கப்பட்ட அலங்காரமே ட்ரெமலோ. பெருவிரல் கீழ்ச்சுரம் ஒன்றைத் தட்டும். தொடர்ந்து மோதிர விரல், நடு விரல், சுட்டு விரல் என்ற வரிசையில் மூன்று விரல்களும் ஒரே மேல்நரம்பை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டும். மீண்டும் பெருவிரல், மீண்டும் அந்த மூன்று. இது போதிய வேகத்தில், இடைவெளி பிசகாமல் நிகழும்போது கேட்பவன் காதில் தட்டல்கள் மறைந்து, அறுபடாத ஒரு நீண்ட பாடல் மட்டும் எஞ்சும். ஒருவர் பாட இன்னொருவர் பக்கவாத்தியம் வாசிப்பது போலிருக்கும். உண்மையில் அங்கிருப்பது ஒரு கை மட்டுமே.

மருதமுனையின் கைத்தறிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பாவு நூல் அசையாமல் நிற்க, நாடா இங்குமங்கும் ஓடி ஊடு நூலைப் போடுகிறது. ஓர் ஓட்டம் தளர்ந்தாலும் துணியில் அந்த இடம் தெரியும். ட்ரெமலோவும் அப்படித்தான். மூன்று விரல்களில் மோதிர விரலே வலிமை குறைந்தது. அது பின்தங்கினால் ஓசை குதிரையோட்டம்போல் நொண்டும். அதைச் சீர்செய்ய வழி ஒன்றே. தாளக்கருவியை வைத்துக்கொண்டு, எறும்பு ஊரும் வேகத்தில், ஒவ்வொரு விரலுக்கும் முறைவைத்து அழுத்தம் கொடுத்து, மாதக்கணக்கில் பழகவேண்டும். குறுக்குவழி கிடையாது. "நம் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை, எந்நேரமும் தொலைபேசியைத் தடவிக்கொண்டிருக்கிறார்கள்" என்று மேடைதோறும் அங்கலாய்ப்பவர்கள், அதே தொலைபேசியைக் கொண்டு பதினான்கு மாதங்களாகப் பொறுமையைப் பழகிய ஒருவனைத்தான் தடுத்திருக்கிறார்கள்.

இனி நகத்துக்கு வருகிறேன். நகம் களைவது நபிவழி. அதை நாற்பது நாட்களுக்கு மேல் விட்டுவைக்கலாகாது என்பதற்கு ஹதீஸ் உண்டு. இதில் எனக்கு எந்த வாதமும் இல்லை. மனிதனின் கைநகம் மாதத்துக்கு ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றர் வளர்கிறது. கிற்றார் வாசிப்பவனுக்கு விரல் நுனியைத் தாண்டி ஒன்றிரண்டு மில்லிமீற்றர் இருந்தால் போதும். அதற்கு மேல் வளர்ந்தால் விரல் நரம்பில் சிக்கும். ஆகவே அவன் சில நாட்களுக்கு ஒருமுறை அரத்தால் தேய்த்து ஒழுங்குபடுத்திக்கொண்டே இருக்கிறான். நகத்தைக் கவனியாது விட்டவன் என்ற குற்றச்சாட்டு இவனுக்குப் பொருந்துமா என்பதை விவரம் அறிந்தவர்கள் நிதானமாகச் சொல்லட்டும். தீர்ப்பு வழங்க நான் மௌலவி அல்லன்.

ஆயினும் ஒன்றைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. நகமே இல்லாமலும் இந்த வித்தையைப் பழகலாம். அவன் பழகிக்கொண்டிருந்த உருப்படியின் பெயர் தமிழில் 'அல்ஹம்ராவின் நினைவுகள்'. அதை 19ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் இயற்றியவர் பிரான்சிஸ்கோ தாரெகா என்ற ஸ்பானியர் (1852-1909). ட்ரெமலோ என்றால் உலகம் முதலில் நினைப்பது இந்த உருப்படியைத்தான். அந்தத் தாரெகாவே தம் வாழ்நாளின் இறுதி ஆண்டுகளில் நகங்களைக் களைந்துவிட்டு விரல் சதையாலேயே வாசித்தார். அவருடைய மாணவர் எமிலியோ புஜோலும் அவ்வழியையே பின்பற்றினார். நகமா சதையா என்ற இந்த வழக்கைப் பற்றித் தனியாக ஒரு நூலும் எழுதினார். அவர்களுக்கு முன்னரே பெர்னாண்டோ சோர் சதையாலும், அவருடைய நண்பர் அகுவாடோ நகத்தாலும் வாசித்திருக்கிறார்கள். நகத்தில் ஓசை கூர்மையாக எழும். சதையில் சற்று அடங்கி, மென்மையாக வரும். அவ்வளவே வேறுபாடு. ஆகவே நகம்தான் தடை என்றால் அத்தடை ஒரு நகவெட்டியோடு தீர்ந்திருக்கும். தீரவில்லை. அப்படியாயின் நகம் ஒரு சாக்கு மாத்திரமே. வெட்டவேண்டும் என்று அவர்கள் நினைத்தது வேறொன்றை.

இந்தத் தாரெகாவின் இசையைக் கேளாத காது நம்மூரில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் நம் எல்லோருடைய சட்டைப்பைகளிலும் இருந்த நொக்கியா தொலைபேசியின் மணியோசை, அவர் இயற்றிய ஒரு வால்ஸ் நடன இசையின் துண்டு. 1994 முதல் அது உலகெங்கும் ஒலித்தது. குத்பா நடந்துகொண்டிருக்கும்போதும் ஒலித்திருக்கிறது. அதற்காக எந்தத் தொலைபேசியையும் சாரத்தில் சுற்றி அலுமாரியில் ஏற்றியதாக நான் அறியேன்.

இன்னொரு முரண்பாடு இதைவிடக் கசப்பானது. நம் மேடைகளில் அந்தலூசியாவைப் பற்றிப் பேசாத பேச்சாளர் அரிது. குர்துபாவின் நூலகம், கிரனாடாவின் அரண்மனை, 1492இல் கைநழுவிய பெருமை என்று குரல் தழுதழுக்கப் பேசுவார்கள். அல்ஹம்ராவின் படம் போட்ட நாட்காட்டிகள் நம் வீடுகளில் தொங்குகின்றன. ஆனால் அதே அல்ஹம்ராவைப் பார்த்து ஒரு ஸ்பானியன் உருகி உருவாக்கிய இசையை நம் பையன் ஒருவன் பழகினால் அது குற்றம்! கிற்றாரை முஸ்லிம்களே கண்டுபிடித்தார்கள் என்று மிகைப்படுத்த நான் வரவில்லை. சொல் கிரேக்கத்தில் பிறந்தது. அரபியில் 'கீதாரா' ஆகி, ஸ்பானியத்தில் 'கிதார்ரா' ஆயிற்று. வாத்தியத்தின் வரலாறும் அவ்வாறே பல கைகள் மாறியது. பக்தாதிலிருந்து 9ஆம் நூற்றாண்டில் குர்துபாவுக்கு வந்த ஸிர்யாப், ஊத் என்ற நரம்பிசைக் கருவிக்கு ஐந்தாவது நரம்பைச் சேர்த்தார் என்பது மரபுச் செய்தி. அந்தலூசியாவின் பெருமை வேண்டும், அங்கே ஒலித்த நரம்பு மட்டும் வேண்டாம் என்றால் மீதமிருப்பது நாட்காட்டிப் படம்தான்.

"மார்க்கத்தில் தடை இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது என்று சொல்லும் அறிஞர்கள் பலர். அதை மறைப்பது நேர்மை ஆகாது. நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் பிரபலமான நிலைப்பாடு நரம்பு வாத்தியங்களுக்கு எதிரானதே. ஆன்மிக இசையைக் கேட்பதற்கு இடமளித்து விரிவாக எழுதிய இமாம் கஸ்ஸாலியும் (மறைவு 1111), குடிகாரர் அவைகளோடு சேர்ந்துபோன வாத்தியங்கள் என்ற காரணத்தால் நரம்புக் கருவிகளை விலக்கினார். ஆனால் அதே குர்துபாவில் வாழ்ந்த இப்னு ஹஸ்ம் (994-1064), இசையைத் தடுப்பதாகச் சொல்லப்படும் அறிவிப்புகள் பலமற்றவை என்று வாதிட்டு அனுமதித்தார். டமஸ்கஸின் அப்துல் கனி அந்நாபுலுசி (1641-1731) வாத்திய இசை கேட்பதை ஆதரித்து ஒரு நூலே எழுதினார். நம் காலத்தில் யூசுப் அல்கர்ளாவி நிபந்தனைகளோடு அனுமதித்தார். ஆகவே உண்மை நிலை, அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதே. வாப்பாவுக்கு உபதேசம் செய்தவர்கள் "எங்கள் கருத்து இது, வேறு கருத்தும் உண்டு" என்று சொல்லியிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். பாதி ஏட்டை மூடிவைத்துவிட்டு மீதிப் பாதியை மட்டும் வாசித்துக் காட்டுவதைப் பத்திரிகைத் தொழிலில் நாங்கள் பொய் என்றுதான் சொல்வோம்.

அடுத்த நியாயம், "இது நமக்கு அந்நியம்" என்பது. எது நமக்கு அந்நியம்? என் சிறுவயதில் நோன்பு மாதத்தின் பின்னிரவுகளில் பக்கீர் பாவாமார் தெருத்தெருவாக வந்து சஹருக்கு எழுப்புவார்கள். தோளில் ஒரு துணிப்பை, இடக்கையில் றபான், வாயில் பைத். உள்ளங்கை தோலின் நடுவில் விழும்போது கனத்த ஓசை வரும். அதன்மேல் விரல் நுனிகள் விளிம்பில் ஓடும்போது சிறு மழை பெய்வதுபோல் பொடியோசை சிந்தும். பாதித் தூக்கத்தில் அதைக் கேட்டுக் கிடந்தவன் நான். கனத்த ஓசை ஒன்று, அதன்மேல் ஓயாத விரலோட்டம் ஒன்று. ட்ரெமலோவின் அமைப்பும் இதுவே. தோலில் நடந்தது அங்கே நரம்பில் நடக்கிறது. அந்தப் பையன் முதன்முதலாகத் தன் தொலைபேசியில் அதைப் போட்டுக் காட்டியபோது எனக்கு ஸ்பெயின் நினைவுக்கு வரவில்லை. எங்கள் வீட்டு வாசலில் நின்ற பாவாவே நினைவுக்கு வந்தார்.

அந்தப் பாவாமாரை நாம் என்ன செய்தோம்? பித்அத் என்று சிலர் விரட்டினார்கள். கடிகாரமும் ஒலிபெருக்கியும் வந்தபின் தேவையில்லை என்று மற்றவர்கள் மறந்தார்கள். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் பெயரால் ஆண்டுதோறும் நடக்கும் கொடியேற்ற விழாவில் றபானின் ஓசையை இன்றும் கேட்கலாம். வாசிப்பவர்கள் முதியவர்கள். பழக வந்து அருகில் அமர்ந்திருக்கும் இளைஞர்களை எண்ண ஒரு கையின் விரல்கள் போதும். பல ஆண்டுகளுக்கு முன் இந்த வாசிப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். "இதெல்லாம் யார் வாசிக்கப் போகிறார்கள்" என்று அது திரும்பி வந்தது. அன்று நான் இன்னும் பிடிவாதமாக நின்றிருக்க வேண்டும். அந்தக் குற்றவுணர்வும் இதை எழுதுவதற்கு ஒரு காரணம்.

பராகுவே நாட்டில் பிறந்த அகுஸ்தின் பாரியோஸ் (1885-1944) என்ற கிற்றார் மேதை தாம் மறைவதற்குச் சிறிது காலத்துக்கு முன் ஒரு ட்ரெமலோ உருப்படியை இயற்றினார். அதன் பெயர் 'இறைவனின் அன்பின் பேரால் ஒரு பிச்சை'. அவருடைய வாசலுக்கு ஒரு முதிய பெண் வந்து கதவைத் தட்டி அப்படிக் கேட்டதாகவும், அந்தத் தட்டலே உருப்படியில் கீழ்ச்சுரத்தில் தொடர்ந்து ஒலிப்பதாகவும் சொல்வார்கள். கதவைத் தட்டுபவர், இறைவனின் பெயர், பிச்சை, அதன்மேல் ஓடும் விரல்கள். பின்னிரவில் எங்கள் தெருவுக்கு வந்த பாவாவுக்கும் இதற்கும் எத்தனை தூரம்? சான் சல்வடோர் நகரில் இறந்த ஒருவரின் இசை நம் தெருவை நமக்கு நினைவூட்டுகிறது. அதை நமக்கு அந்நியம் என்று ஒதுக்கும் நாம்தான் நம் தெருவின் ஓசையையும் முன்னரே ஒதுக்கிவிட்டோம்.

நரம்பு வாத்தியம் கிழக்குக்கும் புதிதல்ல. கல்முனையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் வடக்கே மட்டக்களப்பில் பறங்கியர் தம் திருமண வீடுகளில் வயலினும் மென்டலினும் வாசித்திருக்கிறார்கள். அவற்றுக்குப் பக்கத்தில் தாளத்துக்கு இருந்தது நம் பாவாமாரின் கையில் இருந்த அதே றபான். தமிழர் உலகெங்கும் கொண்டாடும் இளையராஜா இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிற்றார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவர். 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா' பாடலில் வரும் கிற்றாரை நம் கரையில் திருமண வாகனத்திலும் பேருந்திலும் கேட்டு ரசிக்காதவர் யார்? காதுக்கு ஆகும், கைக்கு ஆகாது என்பது என்ன நியாயம்?

கடைசி நியாயம், "இது சோறு போடுமா?" என்பது. போடாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பையன் இதைச் சோற்றுக்காகப் பழகவில்லை. நான் அறிந்த முஸ்லிம் பாடசாலைகள் பலவற்றில் அழகியற் பாடம் என்றால் சித்திரம் மட்டுமே. சாதாரண தரப் பாடப் பட்டியலில் சங்கீதம் உண்டு, மேலைச் சங்கீதமும் உண்டு, நாடகமும் உண்டு. நம் பிள்ளைக்கு அவை காகிதத்தில் மட்டுமே உண்டு. கல்முனையின் ரியூசன் வகுப்புகள் விடியற்காலையில் தொடங்கி இரவில் முடிகின்றன. அந்த ஓட்டத்தில் வைத்தியரும் பொறியியலாளரும் உருவாகிறார்கள், மகிழ்ச்சி. மற்றவர்கள்? பதினெட்டு வயதில் தோற்றவன் என்ற முத்திரையோடு வெளியே வரும் ஒருவனுக்குத் தன்னந்தனியாக அமர்ந்து செய்ய ஒரு நல்ல காரியம் வேண்டாமா? அந்த இடத்தை நாம் காலியாக விட்டால் அங்கே எதுவெல்லாம் வந்து குடியேறும் என்பதை நம் ஊர்களின் பெற்றோர் அறிவார்கள். போதைப்பொருளைப் பற்றிப் பள்ளிவாசல்களிலேயே பேச வேண்டியிருக்கும் காலம் இது.

"இதை வெளியே எழுதி ஏன் நம் சமூகத்தைக் காட்டிக்கொடுக்கிறீர்?" என்று கேட்கப் போகிறவர்களுக்கும் விடை வைத்திருக்கிறேன். 2019 ஏப்ரலுக்குப் பின்னர், அதிலும் சாய்ந்தமருதில் அம்மாதம் 26ஆம் திகதி நடந்தவற்றுக்குப் பின்னர், நம் ஊர்களை வெளியார் எந்தக் கண்ணோடு பார்த்தார்கள் என்பதை அறிவேன். அந்தப் பார்வை அநீதியானது. ஒரு சிலரின் கொடுமைக்கு முழுக் கரையும் பதில்சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து உபதேசித்த மூவரும் தீவிரவாதிகள் அல்லர், நல்ல மனிதர்கள். ஆழிப்பேரலையின்போது சடலங்களைத் தூக்கியவர்கள் இத்தகையவர்களே. அவர்கள்மேல் எனக்குள்ள மனக்குறை ஒன்றுதான். ஒரு பையன் என்ன செய்கிறான் என்று கேட்டறியாமல் அவனுடைய கையைக் கட்டிவிட்டார்கள். வெளியார் நம்மை அறியாமல் தீர்ப்பிடுவது அநீதி என்றால், நாம் நம் பிள்ளையை அறியாமல் தீர்ப்பிடுவதும் அநீதிதான்.

பையனுக்கும் ஒரு சொல் உண்டு. தம்பி, உன் வாசிப்பு நொண்டுகிறது. இரண்டு நிமிடம் கேட்டவுடனேயே தெரிந்தது. மோதிர விரல் பிந்துகிறது, அதை மறைக்க நீ வேகத்தைக் கூட்டுகிறாய். யூரியூபில் இருபது வயது ஜப்பானியன் வாசிக்கும் வேகத்தைப் பார்த்து நீ ஏமாறாதே. வேகத்தைப் பாதியாகக் குறை, பிறகு அதிலும் பாதி. இன்னும் இரண்டு ஆண்டுகள் ஆகும், ஆகட்டும். நகத்தை இன்றே வெட்டிவிடு. தாரெகா வெட்டினார், உனக்கென்ன? சதையால் வாசித்தால் ஓசை அறைக்கு வெளியே போகாது. இஷாவுக்குப் பின் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. பாங்கு சொன்னால் வாத்தியத்தை வைத்துவிட்டு எழுந்து போ. வாப்பாவிடம் முதலில் நீயே பேசு. இளையவன் நீதான்.

வாப்பாவுக்குச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. வேண்டுகோள் மட்டும் உண்டு. நரம்புகளைத் தளர்த்தாமல் வெப்பத்தில் கிடந்தால் அந்த வாத்தியத்தின் மரம் வளைந்துவிடும். அலுமாரியின்மேல், ஓட்டுக்குக் கீழே, நம்மூர் வெயிலில் அது நெடுநாள் தாங்காது. ஒருமுறை இறக்கிக் கொடுங்கள். மகன் வாசிப்பதை ஒரேயொரு முறை உட்கார்ந்து கேளுங்கள். கேட்ட பின்னரும் வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது உங்கள் வீடு, உங்கள் பிள்ளை. உபதேசம் செய்ய வந்த மூவரையும் அன்று கூப்பிட்டால் இன்னும் நல்லது. தேத்தண்ணீர் கொடுத்து அவர்களையும் கேட்கச் சொல்லுங்கள். அவர்களில் ஒருவருக்காவது நோன்புக்காலப் பின்னிரவும் வாசலில் நின்ற பாவாவும் நினைவுக்கு வராமல் போகாது.